அப்பாவின் கல்வெட்டு: முப்பத்தோராம் நாளுக்குள் எழுதி, தொகுத்து, அச்சிடுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது மட்டுமல்ல. ஒருவர் காலமாகி 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்தபின், மதிய போசனத்துக்கு வரும் உறவினர் கையிலும் அயலவர் கையிலும் கொடுக்கும் சிறு புத்தகத்துக்கும் அதே பெயர்தான். அட்டையில் ‘நினைவு மலர்’ என்று அச்சிட்டிருந்தாலும் பேச்சில் அது கல்வெட்டுத்தான். கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இன்றைக்கும் இது அச்சாகிறது.

ஒரு மாதத்துக்குள், அதுவும் துக்கத்துக்கு நடுவில், செய்யவேண்டிய வேலை இது. அதனால்தான் பல கல்வெட்டுகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கின்றன. தேவாரம் இருக்கும், ‘அன்பின் சிகரம், பண்பின் உறைவிடம்’ என்ற வரிகள் இருக்கும், ஆனால் அந்த மனிதர் இருக்கமாட்டார். எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். பெயரை மட்டும் மாற்றி இன்னொரு வீட்டு அப்பாவுக்கு அதைப் பொருத்த முடிகிறதா? முடிந்தால், எழுதவேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது.

நாட்கணக்கு

இறந்த நாளே முதலாம் நாள். மார்ச் 4 காலமானால் 31ஆம் நாள் ஏப்ரல் 3. ஏப்ரல் 4 அல்ல. வேறு நாட்டில் பிரேதம் பல நாள் வைக்கப்பட்டு ஒரு கிழமை கழித்துத் தகனம் நடந்தால் எதிலிருந்து எண்ணுவது என்ற கேள்வி வரும். அதைக் கிரியை செய்யும் குருக்களிடம் முதல் கிழமையிலேயே கேட்டு உறுதிசெய்யுங்கள். அச்சகத்துக்குச் சொல்லும் திகதி அதை வைத்துத்தான்.

எட்டுச் செலவு (எட்டாம் நாள் கிரியை) முடியும்வரை எழுத உட்காரத் தேவையில்லை. ஆனால் அந்த எட்டு நாட்களில்தான் அப்பாவின் சகோதரர்களும் பழைய நண்பர்களும் வீட்டில் ஒன்றாக இருப்பார்கள்; எட்டு முடிந்தால் ஆளுக்கொரு திசை. அப்போது பேச்சைப் பதிவுசெய்து, பெயர்களைச் சேர்த்துவிடவேண்டும். பத்தாம் நாள் எல்லோரிடமும் கட்டுரை கேட்டு, பதினைந்தாம் நாளைக் கடைசித் திகதியாகச் சொல்லுங்கள். பதினெட்டாம் நாள் வரை பொறுக்கலாம், அதை யாருக்கும் சொல்லாதீர்கள். இருபதாம் நாள் முதல் புரூவ் (பிழை பார்க்கும் மாதிரி அச்சு), இருபத்துமூன்றாம் நாள் கடைசிப் புரூவ், இருபத்துநாலாம் நாள் அச்சுக்கு. இருபத்தெட்டாம் நாள் புத்தகக் கட்டு வீட்டில் இருக்கவேண்டும். மூன்று நாள் இடைவெளி வீண் அல்ல: மின்வெட்டு, போயா (பௌர்ணமி) விடுமுறை, தவறான அட்டை, இந்த மூன்றில் ஒன்று வந்தே தீரும்.

ஒருவர் கையில் பொறுப்பு இருக்கவேண்டும். பிள்ளைகள் ஐந்து பேரும் சேர்ந்து தொகுப்பதாக முடிவெடுத்தால் ஐந்து பிரதிகள் சுற்றும், எது கடைசி என்று யாருக்கும் தெரியாது. தொகுப்பவர் மூத்த மகனாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. கிரியை முழுவதும் அவர் தலையில் இருக்கும்போது இதையும் சுமத்துவது நல்லதல்ல. நன்றாகத் தமிழ் வாசிக்கும் ஒரு மருமகளோ பெறாமகனோ (சகோதரரின் மகன்) செய்தால் வேலை நிதானமாக நடக்கும்.

முதலில் கடதாசி, பிறகு பேச்சு

பிறப்பு அத்தாட்சிப்பத்திரம், விவாகப் பதிவு, பாடசாலை விடுகைப் பத்திரம், உத்தியோக நியமனக் கடிதம், ஓய்வூதியக் கோப்பு, சாதகக் குறிப்பு. இவற்றை ஒரு மேசையில் பரப்பி, ஆண்டு வரிசையில் ஒரு தாளில் குறியுங்கள். சாதகத்தில் ஒரு பிறந்த நாளும் அத்தாட்சிப்பத்திரத்தில் இன்னொன்றும் இருப்பது பழைய தலைமுறையில் சாதாரணம். பிந்திப் பதிந்திருப்பார்கள், அல்லது பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக மாற்றியிருப்பார்கள். வீட்டில் எந்த நாளில் பிறந்தநாள் கொண்டாடினார்களோ அதை அட்டையில் போடுங்கள். மற்றதை வரலாற்றில் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள், பின்னால் தேடும் பேரப்பிள்ளை குழம்பாது.

காணி உறுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதுசமாக (பரம்பரையாக) வந்த காணியின் உறுதியில் அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர் இருக்கும். சீதன உறுதியில் அம்மா வழிப் பெயர்கள் கிடைக்கும். வம்சாவளி எழுதும்போது பூட்டனுக்கு மேலே உள்ள பெயர் கிடைக்கும் ஒரே இடம் சில வீடுகளில் இதுதான். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் வெளியேறிய குடும்பங்களில் பலரிடம் ஒரு கடதாசியும் மிஞ்சவில்லை. அப்படியானால் உறவினரின் பழைய கல்வெட்டுகளைத் தேடுங்கள். பெரியப்பாவின் கல்வெட்டிலோ மாமியின் கல்வெட்டிலோ அப்பாவின் பெயரும் தாய் தகப்பன் பெயரும் அச்சாகியிருக்கும்.

பேச்சைப் பதிவுசெய்யும்போது ‘அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ’ என்று கேட்டால் ‘தங்கமான மனுசன்’ என்பதற்கு மேல் ஒன்றும் வராது. கேள்வி சின்னதாக இருக்கவேண்டும். என்ன சைக்கிள் வைத்திருந்தார்? விடிய எழும்பினால் முதலில் என்ன செய்வார்? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார்? யாரோடு கோபித்துக்கொண்டு எத்தனை வருடம் பேசாமல் இருந்தார்? இடம்பெயரும்போது எதைத் தூக்கிக்கொண்டு வந்தார், எதை விட்டுவிட்டு வந்தார்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வார்? இப்படிக் கேட்டால் ஆட்கள் கையை அசைத்துக் கதை சொல்லத் தொடங்குவார்கள். ஒருவரிடம் அரை மணித்தியாலம் போதும். கையடக்கத் தொலைபேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட்டு மேசையில் வைத்துப் பதியுங்கள். நடுவில் ஒரு அழைப்பு வந்தால் சில தொலைபேசிகளில் பதிவு நின்றுவிடும். பதிந்த கோப்புக்கு உடனே ஆளின் பெயரும் திகதியும் இடுங்கள்.

அம்மாவிடம் கடைசியாகக் கேளுங்கள், தனியாகக் கேளுங்கள். அவர் அழுதால் நிறுத்திவிட்டு அடுத்த நாள் வாருங்கள். அம்மா சொல்வதில் அச்சுக்குப் போகக்கூடாதது எது என்று அவரே முடிவெடுக்கட்டும்.

வாழ்க்கை வரலாறு

மரண அறிவித்தலில் வரும் வாசகம் எல்லோருக்கும் மனப்பாடம்: ‘யாழ். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட... அன்பு மகனும், அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும், மாமனாரும், சகலனும், பேரனும், பூட்டனும் ஆவார்.’ அது உறவுகளைச் சரியாக அறிவிக்கும் நல்ல வடிவம். அறிவித்தலில் அப்படியே இருக்கட்டும். ஒரு குறிப்பு: இந்த வாசகத்தில் பேரன் என்பது தாத்தாவைக் குறிக்கும். தமிழ்நாட்டு வாசகருக்கோ, அங்கே வளர்ந்த மருமகனுக்கோ பேரன் என்றால் பிள்ளையின் பிள்ளை. உங்கள் குடும்பம் இரண்டு கரையிலும் இருந்தால் கல்வெட்டில் ‘அப்பப்பா’, ‘அம்மப்பா’ என்றே எழுதிவிடுங்கள், சிக்கல் இல்லை. பிள்ளைகள் ‘தாத்தா’ என்று கூப்பிட்டிருந்தால் ‘தாத்தா’தான்.

அறிவித்தலின் நடையை வரலாற்றுக்குள் கொண்டுவரக்கூடாது. ‘கடின உழைப்பாளியாக விளங்கினார்’ என்பது யாருக்கும் ஒன்றும் சொல்லாது. ‘விடிய நாலு மணிக்கு இறைப்பு மெஷினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார், பள்ளிக்கூட மணி அடிக்கமுன் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்’ என்று எழுதினால் உழைப்பும் தெரியும், தகப்பனும் தெரியும். ‘பேரப்பிள்ளைகள்மீது அளவற்ற பாசம் கொண்டவர்’ என்பதை அழித்துவிட்டு, காணொளி அழைப்புக்கு அரை மணித்தியாலம் முன்னரே சவரம் செய்து, துவைத்த சேட்டு மாற்றிக்கொண்டு கதிரையில் வந்து உட்கார்ந்திருப்பார் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பண்புச் சொல்லுக்கும் பக்கத்தில் ‘எப்படித் தெரியும்?’ என்று பென்சிலால் எழுதி, அதற்கு வரும் பதிலை வைத்துக்கொண்டு பண்புச் சொல்லை வெட்டிவிடுவது நல்ல பழக்கம்.

வரிசையும் முக்கியம். ஊரும் வீடும், படிப்பு, தொழில், விவாகம், பிள்ளைகள், இடப்பெயர்வு, முதுமை என்று ஆண்டு ஒழுங்கில் போவது வாசிக்க எளிது. ஆனால் எல்லாப் பகுதிக்கும் ஒரே அளவு இடம் தரவேண்டியதில்லை. பொதுவாகத் தொழிலுக்கும் பதவிகளுக்கும் மூன்று பக்கமும் பிள்ளை வளர்த்ததற்கு மூன்று வரியும் எழுதுகிறார்கள். கோயில் பரிபாலன சபையில் எந்த ஆண்டு பொருளாளர் என்பது ஒரு வரியில் முடியும் விஷயம். மகளின் பரீட்சைக் காலத்தில் பக்கத்தில் விழித்திருந்து தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தது அரைப் பக்கம் பெறவேண்டிய விஷயம்.

குறைகளை எழுதலாமா என்று கேட்பார்கள். முன்கோபக்காரர் என்றால் எழுதலாம், கோபம் எப்படித் தணியும் என்பதையும் சேர்த்து. அது அவரைக் குறைக்காது; வாசிப்பவர் தலையாட்டுவார். எழுதக்கூடாதவை வேறு: காணி வழக்கு, பிள்ளைகளுக்கு இடையில் பகை, வருத்தத்தின் மருத்துவ விபரம், போர்க்காலத்தில் மற்றவரை ஆபத்தில் மாட்டக்கூடிய செய்தி. உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றிய எந்த வரியையும் அவரிடம் காட்டிவிட்டு அச்சிடுங்கள்.

அளவுக் கணக்கு: ஏ5 அளவில், 11 அல்லது 12 புள்ளி எழுத்தில், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 180 முதல் 200 தமிழ்ச் சொற்கள் அடங்கும். 40 பக்கக் கல்வெட்டில் முகப்பும் படமும் 2, திதி வெண்பா 1, திருமுறை 8, வாழ்க்கை வரலாறு 10, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதியவை 8, நண்பர் அயலவர் 3, படங்கள் 4, வம்சாவளி 3, நன்றி நவிலல் 1 என்று பிரித்தால் கையில் நிற்கும். இரங்கலுரை எழுதத் தலைவர்கள், அதிபர்கள், சங்கங்கள் என்று பத்துப் பேரிடம் கேட்டுவிட்டால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அவரை நேரில் அறிந்த மூன்று பேர் போதும்.

பேரப்பிள்ளைகளின் பக்கம்

கல்வெட்டில் இருபது வருடத்துக்குப் பிறகும் வாசிக்கப்படும் பகுதி இதுதான். ஆனால் கேட்கும் முறை தவறினால், பெற்றோர் எழுதிக் கொடுத்த ‘எங்கள் குலவிளக்கே’ என்ற நாலு வரி, பிள்ளையின் பெயரோடு வந்து சேரும்.

பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் ஒரே ஒரு சம்பவம், 150 சொல்லுக்குள், அவர்களுக்குச் சரளமான மொழியில் என்று கேளுங்கள். நோர்வேயில் வளர்ந்த பிள்ளை நோர்வேஜிய மொழியிலும் பாரிஸ் பிள்ளை பிரெஞ்சிலும் எழுதட்டும். மூலத்தை அப்படியே அச்சிட்டு, கீழே தமிழில் தாருங்கள். தமிழாக்கும்போது சோடனை சேர்க்கவேண்டாம்; ‘அம்மப்பா எனக்கு மாம்பழம் வெட்டித் தந்தார், தோலை அவர் சாப்பிட்டார்’ என்று பிள்ளை எழுதியிருந்தால் அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

சின்னப் பிள்ளைகளிடம் எழுத்துக் கேட்காதீர்கள். இரண்டு நிமிடம் பேசவிட்டுப் பதிந்து, சொன்னபடியே எழுதுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை கீறிய படம் ஒன்று முழுப் பக்கம் பெறலாம்; வெள்ளைத் தாளில் கறுத்தப் பேனையால் கீறச் சொன்னால் அச்சில் தெளிவாக வரும், பென்சில் கோடு மங்கிவிடும். எல்லாப் பேரப்பிள்ளைகளின் பெயரும் எங்காவது இடம்பெறுகிறதா என்று எண்ணிப் பாருங்கள். எழுத விரும்பாத பிள்ளையை வற்புறுத்தாமல், அந்தப் பிள்ளையும் அவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றைப் போட்டால் போதும்.

பழைய கல்வெட்டுகளில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று சரமகவிகள் வரிசையாக வரும். குடும்பத்தில் செய்யுள் எழுதக்கூடியவர் இருந்தால் அது பெரும் கொடை, கட்டாயம் சேருங்கள். பெயரை மட்டும் மாற்றிப் போடும் ஆயத்தப் பாடல்களைத் தவிர்த்துவிடுங்கள். மகளே இல்லாத வீட்டில் மகள் புலம்பல் அச்சாவது அப்படித்தான்.

திதி வெண்பா

கல்வெட்டின் பழைய உயிர் இந்த நாலு அடி. அலங்காரத்துக்காக வந்ததல்ல. ஆண்டுத் திவசம் ஆங்கிலத் திகதியில் வராது, திதியில் வரும். அந்தத் திதியைப் பிள்ளைகள் மறக்காமலிருக்கப் பாட்டாக்கி வைத்தார்கள். ஆகவே வருடம், மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி நான்கும் அதில் சரியாக இருக்கவேண்டும். பாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் திதி பிழைத்தால் பயனில்லை.

பிழை வரும் இடங்கள் மூன்று. முதலாவது வருடம். தமிழ் வருடம் ஏப்ரல் நடுவில் மாறும். 2025 ஏப்ரல் 14 முதல் விசுவாவசு. அதே 2025 மார்ச்சில் காலமானவருக்குக் குரோதி. இரண்டாவது திதி. நாட்காட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் சூரிய உதயத்தில் நிற்கும் திதி. ஒரு திதி ஏறக்குறைய 19 முதல் 26 மணித்தியாலம் வரை நீளும், நாளின் எந்த நேரத்திலும் மாறும். காலையில் பஞ்சமி, பிற்பகலில் சஷ்டி என்று இருக்கும் நாளில் மாலையில் உயிர் பிரிந்தால் சஷ்டி. உயிர் பிரிந்த நேரத்தை நிமிடத்தோடு குறித்துவைத்துப் பஞ்சாங்கத்தில் பாருங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் மணிக்கணக்கில் வேறுபாடு வரும். உங்கள் குடும்பக் குருக்கள் பார்க்கும் பஞ்சாங்கத்தையே பின்பற்றுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். மூன்றாவது வெளிநாட்டு நேரம். கோடையில் ரொறன்ரோ நேரம் இலங்கை நேரத்துக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னே, குளிர்காலத்தில் பத்தரை. ரொறன்ரோவில் இரவு பத்து மணி என்றால் இலங்கையில் அடுத்த நாள் காலை. இலங்கைப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதானால் நேரத்தை இலங்கை நேரமாக மாற்றிவிட்டுத்தான் பார்க்கவேண்டும்.

வெண்பாவின் கட்டு இதுதான். நாலு அடி. முதல் மூன்று அடிக்கு நாலு சீர், கடைசி அடிக்கு மூன்று. இரண்டாம் அடியின் நாலாம் சீர் தனிச்சொல், அது முதலிரண்டு அடியின் எதுகையோடு ஒத்துவரவேண்டும். நேர், நிரை என்பன சீரை ஆக்கும் அசைகள்; மா, விளம், காய், கனி என்பன அசை அமையும் விதத்தால் வரும் சீர் வகைகள். மாச்சீருக்குப் பின் நிரையும், விளச்சீருக்குப் பின் நேரும், காய்ச்சீருக்குப் பின் நேரும் வரவேண்டும். கனிச்சீர் வரவே கூடாது. ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாட்டில் ஒன்றில் முடியும். குரோதி வருடம், மாசி மாதம், பூர்வபக்கம், பஞ்சமித் திதிக்கு இப்படி வரும்:

ஆண்டு குரோதியிலே ஆனதொரு மாசியிலே
ஈண்டு வளர்பிறையில் பஞ்சமியில் - யாண்டும்
பரிவுடைய எந்தை பழுதறியா நெஞ்சர்
விரிசடையோன் தாள்சேர்ந்த நாள்.

தந்தையின் பெயரையும் உள்ளே வைக்க விரும்பினால் மூன்றாம் அடி அதற்கு ஏற்ற இடம். ஆனால் பெயர் தளைக்கு (சீரோடு சீர் சேரும் அந்த விதிக்கு) அடங்காவிட்டால் பெயரை முறிக்கவேண்டாம். வெண்பாவுக்கு மேலே தலைப்பில் பெயரை எழுதிவிடலாம். எழுதத் தெரிந்தவர் கிடைக்காவிட்டால் வெண்பாவை விட்டுவிட்டு, வருடம் மாதம் பக்கம் திதி நான்கையும் உரைநடையில் ஒரு கட்டத்துக்குள் அச்சிடுங்கள். தளை தட்டிய வெண்பாவைவிட அது மேல். எப்படியானாலும் ஆங்கிலத் திகதியும் நேரமும் இடமும் அதன் கீழே இருக்கட்டும்.

திருமுறைப் பக்கங்களைப் பற்றி ஒன்று மட்டும். பஞ்சபுராணம் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற வரிசையில் அமையும். இணையத்தில் கிடைப்பதை வெட்டி ஒட்டாமல், நல்ல பதிப்பை வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சிவபுராணத்தின் முதல் அடியில் வரும் ‘வாஅழ்க’ என்பதை எழுத்துப் பிழை என்று எண்ணித் தட்டச்சுக்காரர் ‘வாழ்க’ என்று ‘திருத்தி’ விடுவார்; அது அளபெடை, அப்படியே நிற்கவேண்டும். அப்பா வழக்கமாகப் பாடும் பதிகம் ஒன்று இருந்தால் அதைச் சேர்த்து, அதை அவர் எங்கே, எப்போது பாடுவார் என்று மேலே ஒரு வரி எழுதுங்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் 31ஆம் நாள் திருப்பலிக்காக மலர் அச்சிடும்போது இந்த இடத்தில் அவர் விரும்பிய வேதாகமப் பகுதியும் பாடலும் வரும்; மற்றதெல்லாம் ஒன்றே.

வம்சாவளி

அவருடைய பாட்டனில் தொடங்கி அவருடைய பூட்டப்பிள்ளைகள் வரை ஆறு தலைமுறை எழுத முயலுங்கள். அதற்கு மேல் தெரிந்தாலும் மரமாகக் கீறினால் ஏ5 தாளில் எழுத்து எறும்பாகிவிடும். மரம் கீறுவதைவிட எண் முறை நல்லது: பாட்டன் 1, அவர் பிள்ளைகள் 1.1, 1.2, அவர்களின் பிள்ளைகள் 1.1.1 என்று உள்தள்ளி எழுதிக்கொண்டு போகலாம். புதிதாக ஒரு பெயர் கிடைத்தால் முழுப் படத்தையும் மாற்றாமல் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

பெயர்களில் கவனம் வேண்டும். ஊரில் தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் அது தலைகீழாகி, தகப்பன் பெயரே ஆளின் பெயராகிவிட்டிருக்கும். ஒருவரே இரண்டு பெயரில் இரண்டு தடவை வம்சாவளிக்குள் நுழைவது இதனால்தான். பாட்டன் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் இருப்பதால், வீட்டுப் பெயரையும் ஒற்றை மேற்கோளுக்குள் சேருங்கள். பெண்களை ‘இன்னாரின் மனைவி’ என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். பழைய கல்வெட்டுகளில் அம்மம்மாவின் பெயரைத் தேடி அலைந்தவர்களுக்கு அந்த இழப்பு தெரியும். குழந்தையிலே இறந்த சகோதரர்கள், தத்துப் பிள்ளைகள், பிரிந்துபோன துணைகள் பற்றி எழுதுவதா என்பதை அந்தந்த வீட்டாரிடம் கேளுங்கள். இறந்த குழந்தையின் பெயரை எழுதச் சொல்லித்தான் பெரும்பாலான தாய்மார் கேட்பார்கள்.

உயிரோடு இருப்பவர்களின் முழுப் பிறந்த திகதி, முகவரி, தொலைபேசி இலக்கம் அச்சாகக்கூடாது. பிறந்த திகதியும் தாயின் கன்னிப் பெயரும் வெளிநாட்டு வங்கிகளில் அடையாளம் கேட்கும் கேள்விகள். பெயரும் வதியும் நாடும் போதும்.

படங்கள்

அட்டைக்கு அவருடைய கடைசிப் பத்து வருடத்துக்குள் எடுத்த படம், பேரப்பிள்ளைகள் அறிந்த முகம். இளவயதுப் படம் உள்ளே. வருத்தத்தில் மெலிந்த முகம் வேண்டாம். ஏ5 முழு அட்டைக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கான புள்ளிகள்) கணக்கில் 1748 × 2480 பிக்சல் வேண்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மின்னஞ்சலில்.

கடவுச்சீட்டு அளவுப் பழைய படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் செய்தால் இரு மடங்கு பெரிதாக்கலாம், 1200இல் செய்தால் நாலு மடங்கு. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்யுங்கள். ஸ்கானர் இல்லாவிட்டால் யன்னலோரம், நேர் வெயில் படாமல், மின்னொளி இல்லாமல், தொலைபேசியைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். படத்தின் பின்புறம் எழுதுவதானால் மென் பென்சில்தான். பந்துமுனைப் பேனை முன்பக்கத்தில் தழும்பாகத் தெரியும். நிறமூட்டும் செயலிகளும் முகத்தைத் ‘தெளிவாக்கும்’ செயலிகளும் கண்ணையும் பல்லையும் தாமாகவே புதிதாக வரைந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது அப்பா அல்ல. கீறலையும் கறையையும் மட்டும் அகற்றச் சொல்லுங்கள்.

குழுப்படம் ஒவ்வொன்றுக்கும் இடமிருந்து வலமாகப் பெயர், இடம், ஆண்டு. தெரியாத முகத்துக்கு ‘பெயர் தெரியவில்லை’ என்றே போடுங்கள். ஊகித்த பெயர் பிறகு வரலாறாகிவிடும்.

அச்சு

ஏ5, உள்தாள் 80 அல்லது 100 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு), அட்டை 250 முதல் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்ட், மங்கல் லெமினேஷன். பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்கவேண்டும். 38 பக்கம் எழுதிக் கொடுத்தால் இரண்டு வெற்றுப் பக்கம் வரும். அறுபது பக்கம் வரை நடுவில் கம்பி அடிக்கலாம், அதற்கு மேல் பசைக் கட்டு. பசைக் கட்டு என்றால் முதுகுப் பக்கம் 20 மில்லிமீற்றர் விடாவிட்டால் வரித் தொடக்கம் உள்ளே புதைந்துவிடும். படம் விளிம்புவரை போகும் பக்கங்களுக்கு நாலு புறமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடவேண்டும், இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும். கடற்காற்று படும் ஊர்களில் கம்பி சில வருடத்தில் துருப்பிடித்துத் தாளில் கறை இறங்கும். குடும்பத்துக்கென்று வைக்கும் பத்துப் பிரதியை மட்டும் நூலால் தைத்துத் தரக் கேளுங்கள்.

இலங்கை அச்சகங்கள் பலவற்றில் இன்னமும் யூனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துரு புழங்குகிறது. நீங்கள் யூனிகோட்டில் அனுப்பியதை அவர்கள் மாற்றும்போது ‘ஸ்ரீ’ போன்ற எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் இடைக்கோடுகளும் வேறொன்றாக மாறலாம். நீங்கள் அனுப்பிய கோப்பு சரியாக இருந்தது என்பதால் அச்சும் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். மாற்றியபின் வரும் புரூவைத்தான் முதல் வரியிலிருந்து வாசிக்கவேண்டும். யூனிகோட்டிலேயே பக்கம் அமைக்கும் அச்சகம் கிடைத்தால் அதுவே நல்லது, பின்னர் பிடிஎஃப்பில் பெயர் தேடவும் முடியும்.

ஒப்புநோக்க மூன்று பேர் வேண்டும். ஒருவர் பெயர்களை மட்டும், ஒருவர் திகதிகளையும் எண்களையும் மட்டும், ஒருவர் முழுவதையும். பெயர் பார்ப்பவர் குடும்பத்தில் மூத்த பெண்ணாக இருந்தால் பிழை தப்பாது. அட்டையை மறக்காதீர்கள்: எல்லோரும் உள்ளே தேடுவதால், பெரிய எழுத்தில் இருக்கும் பிழையை ஒருவரும் காண்பதில்லை. கடைசிப் புரூவை அச்சிட்ட தாளில் பார்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டுக் கொடுங்கள். திரையில் பார்ப்பது போதாது.

எத்தனை பிரதி என்பதை ஆட்களை எண்ணாமல் வீடுகளை எண்ணித் தீர்மானியுங்கள். 150 வீடு என்றால் 200 பிரதி. பேரப்பிள்ளைகளுக்கு வீட்டுக்கு ஒன்றாக அல்லாமல் ஆளுக்கு ஒன்று வையுங்கள். இன்று நாலு வயதானவருக்கு உரிய பிரதியை ஒரு உறையில் இட்டு, பெயர் எழுதி, அம்மாவின் அலுமாரியில் வைக்கலாம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத எத்தனையோ ஏடுகளும் நூல்களும் போய்விட்டன. ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்து அது. ஊர் வாசிகசாலைக்கு ஒன்று, யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு ஒன்று, பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒன்று கொடுங்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் சேகரிக்கிறது. பிடிஎஃப்பை அங்கே கொடுக்குமுன் குடும்பத்தில் எல்லோரிடமும் சம்மதம் கேளுங்கள், உள்ளே உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் இருக்கின்றன. பேச்சுப் பதிவுகளுக்குக் கியூஆர் குறி அச்சிடுவதும் இப்போது நடக்கிறது. இணைப்பு சில வருடத்தில் செத்துவிடும், ஆகவே மூலக் கோப்புகளை இரண்டு வேறு நாட்டில் இருக்கும் இரண்டு வீடுகளில் வன்தட்டில் வையுங்கள்.

புத்தகம் கொடுத்த அன்றே ஒருவர் வந்து ‘என்ர தம்பியின்ர பேர் விடுபட்டுப்போச்சு’ என்பார். அதற்காக வருந்தி உட்காராமல் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டைத் திவசத்துக்குள் (முதலாம் ஆண்டுத் திவசம்) இன்னும் பத்துப் பன்னிரண்டு திருத்தம் சேரும். அவற்றை ஒரு தாளில் அச்சிட்டு, அன்று வருபவர்களுக்குக் கொடுத்து, கல்வெட்டின் பின்னட்டைக்குள் ஒட்டச் சொல்லுங்கள்.